வெளுத்த முடியில் பித்தளை நிறம் ஏன்?

கருமுடியை ப்ளீச் செய்தால் அது நேராக வெள்ளைக்குப் போகாது. முதலில் சிவப்பு, பிறகு ஆரஞ்சு, அப்புறம்தான் மஞ்சள். கருமை தரும் யூமெலனினை ப்ளீச் எளிதில் சிதைத்துவிடும். செம்மஞ்சள் நிறமியான ஃபியோமெலனின் லேசில் மசியாது. அதுவும் போனபின் பார்த்தால், முடியின் புரதமான கெரட்டினே இளமஞ்சள்! அதையும் விரட்டப் பார்த்தால் முடிதான் நொறுங்கும்.

இந்த மஞ்சளைத் தணிக்கப் பூசும் டோனர் எதையும் நீக்குவதில்லை, சாயத்தைச் சேர்க்கிறது. வேட்டிக்குச் சொட்டு நீலம் போடும் அதே தந்திரம். மஞ்சள் முடி நீல ஒளியை விழுங்கி, பச்சையையும் சிவப்பையும் திருப்பி அனுப்புகிறது. ஊதாச் சாயம் நடுவிலுள்ள பச்சை, மஞ்சள் ஒளியைப் பிடித்துக்கொள்வதால் மிச்சம் ஏறக்குறைய சமமாகிறது. மொத்த ஒளி குறைவதால் முடி ஒரு துளி மங்கலாகவும் தெரியும்.

மஞ்சளுக்கு ஊதா, ஆரஞ்சுக்கு நீலம். கருமுடிக்காரர்கள் பலர் ஆரஞ்சு நிலையிலேயே நிறுத்திவிட்டு ஊதா ஷாம்பூ வாங்குகிறார்கள், காசுதான் வீண். மாறாக, மஞ்சள் முடியில் நீலம் மிஞ்சினால் பச்சை தட்டும்.

சலூன் டோனரில் பெரும்பாலும் நிறமற்ற சிறு மூலக்கூறுகள் இருக்கும். 3 அல்லது 6 சதவீத பெராக்சைடு போன்ற மென்மையான கரைசலோடு கலந்ததும் அவை முடிக்குள் புகுந்து, ஒன்றோடொன்று இணைந்து சாயமாகின்றன. ஷாம்பூவின் ஊதாவோ மேலோட்டமாக ஒட்டுவது. ப்ளீச்சால் முடியில் நுண்துளைகள் பெருகியிருப்பதால் இரண்டுமே சில வாரங்களில் கழன்றுவிடும். சாயத்துக்கு ஒவ்வாமை வரலாம்; 48 மணி நேரம் முன்பே தோலில் தடவிச் சோதித்துக்கொள்ளுங்கள்.