எழுத்து வழியே வந்த வகுப்பறை

1990களில் சிங்கப்பூரிலிருந்து ஒருவர் கணினி வழியே தமிழில் எழுதி அனுப்பிய மடலைச் சென்னையில் திறந்தால், பெரும்பாலும் பொருளற்ற குறிகளே திரையில் தோன்றும். கணினி 'க' என்னும் வடிவத்தை அறியாது. அதற்குரிய எண்ணையே அறியும். அக்காலத் தமிழ் மென்பொருள்கள் ஒவ்வொன்றும் தத்தமக்கென வெவ்வேறு எண்வரிசையைக் கொண்டிருந்தன. பேராசிரியர் எத்துணைச் சிறந்த பாடம் எழுதினாலும், அது மாணவனிடம் குறிக்குவியலாய்ச் சென்று சேர்ந்தால் யாது பயன்?

1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற 'தமிழிணையம் 99' மாநாடு இச்சிக்கலை ஆராய்ந்தது. அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் மு. அனந்தகிருஷ்ணன் இம்முயற்சியில் முன்னின்றார். பொதுவான எழுத்துக் குறியீடும் 'தமிழ்99' விசைப்பலகையும் இதன் பயன்களாகும். இவ்விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு விசைகளே போதும். ஒரே எழுத்து அடுத்தடுத்து வந்தால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். 'பந்து' என்பதில் நகரத்தை அடுத்துத் தகரம் வருவதால், அங்கும் புள்ளி தானே அமைகிறது. இன எழுத்துகள் பற்றிய இலக்கணமே இங்குப் பொறியியலாயிற்று. இலக்கணம் தேர்வுக்கு மட்டுமே உரியது என்பார் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

எழுத்து ஒழுங்குபட்டபின் வகுப்பறை எளிதாயிற்று. 2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றது. அதன் நிறுவனத் தலைவர் வா. செ. குழந்தைசாமி நீரியல் அறிஞர்; கவிஞர். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவராதலின், நேரில் காணாத மாணவர்க்குக் கற்பிக்கும் முறையை நன்கறிந்தவர். மழலைக் கல்வி முதல் பட்டப்படிப்பு வரை பாடங்கள் அமைந்தன. மழலைக் கல்வியில் பாடலும் கதையும் உரையாடலும் ஒலியோடு இடம்பெற்றன. 'ழ' ஒலியை அச்சு நூல் கற்பிக்க இயலாது. காதால் கேட்டே பழக வேண்டும். இவ்வகையில் ஒலிப்பாடமே அம்முயற்சியின் சிறந்த கூறு எனலாம். உரைகளுடன் கூடிய சங்க நூல்களும் அகராதிகளும் இணைய நூலகத்தில் சேர்க்கப்பட்டன. இந்நிறுவனம் இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப்படுகிறது. 2010இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியை ஏற்றபின், எழுத்துச் சிக்கல் பெரிதும் நீங்கியது.

இது கடல் கடந்த தமிழர்க்காகவே முதன்மையாகத் திட்டமிடப்பட்டது. ஆயினும் மூணாற்றை அடுத்த சித்திரபுரம் போன்ற மலையூர்களில், வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமுமாக வளரும் பிள்ளைகளுக்கும் அது பயன்படும். அவர்கள் அந்நூலகத்தில் புறநானூற்றை உரையோடு, கட்டணமின்றிப் படிக்கலாம்.