சிறுத்தை செத்தால் வழக்குப் போடுவது யார்?

காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் சிறுத்தை மாட்டிக்கொள்வது மலையகத்துக்குப் புதிதல்ல. 2020 மே மாதம் நல்லதண்ணியில் அப்படிச் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை, சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. நக்கிள்ஸ் காட்டை அண்டிய பன்வில தோட்டங்களில் இப்படியொன்று நடந்தால் வழக்குப் போடும் உரிமை யாருக்கு? வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு மட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

நக்கிள்ஸ் பாதுகாப்பு வனம் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பு. அங்கே மரம் தறித்தால் 1907ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டம் பாயும். சிறுத்தையோ காட்டுக்குள் நின்றாலும் கொழுந்து மலையில் நின்றாலும் 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்குள் வருகிறது. இரண்டிலுமே திணைக்கள அதிகாரிகளைப் போலப் பொலிஸாரும் ஆளைக் கைதுசெய்து நீதவான் முன் நிறுத்தலாம்.

பலர் அறியாத வழி இன்னொன்று. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 136ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்ததென்று சாதாரணப் பிரஜையும் நீதவானிடம் நேரே முறையிடலாம். எழுத்தில் கொடுத்தால் முறைப்பாட்டாளரின் கையொப்பத்தோடு சட்டத்தரணியின் ஒப்பமும் வேண்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி தனிநபர் வழக்குப் போடுவதானால், அரசுக்கு 60 நாள் முன்னறிவித்தல் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இங்கே அந்தக் காத்திருப்பு இல்லை. ஆனால் சட்டமா அதிபரோ அவர் அதிகாரம் அளித்த சட்டத்தரணியோ மன்றில் தோன்றினால் வழக்கை நடத்தும் பொறுப்பு அவர்களிடம் போய்விடும்.

உரிமை இருக்கிறது, சரி. சான்று யார் கையில்? செத்த உடலும் கம்பியும் மிருக வைத்தியரின் அறிக்கையும் அதிகாரிகளிடம்தான் இருக்கும். அவை இல்லாமல் தனியாள் போடும் வழக்கு நிற்பது கடினம். என் பார்வையில் தனிநபர் முறைப்பாடு, அதிகாரிகள் அசையாதபோது கையிலெடுக்க வேண்டியது.

வாழிடமே அழிகிறதென்றால் நிலைமை வேறு. கல்லுடைப்பு போன்ற பொதுத்தொல்லையை நிறுத்த குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவு நீதவானுக்கு அதிகாரம் தருகிறது. எப்பாவல பொஸ்பேற் அகழ்வுத் திட்டத்தை ஊர்மக்களே 2000ஆம் ஆண்டில் அடிப்படை உரிமை மனுவால் உயர் நீதிமன்றத்தில் தடுத்தார்கள். அங்கே தண்டிக்கக் குற்றவாளியைத் தேடவில்லை, திட்டத்தைத்தான் மறித்தார்கள்.

தோட்டத்து மக்களுக்கு ஒன்று: பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தால், வாசித்து விளக்கும்வரை கையொப்பமிட வேண்டாம். அரச அதிகாரியோடு தமிழில் அலுவல் பார்க்கும் உரிமை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் இருக்கிறது.