மடக்குக் கூரை வீட்டின் தண்ணீர்க் கணக்கு

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், பிக்கப் டிரக்கின் பின்தட்டில் ஒரு சிறு அறையை ஏற்றி, அதையே வீடாக்கி ஆண்டு முழுவதும் வாழ்கிறவர்கள் உண்டு. அந்த அறைக்குப் பெயர் டிரக் கேம்பர். அதில் 'பாப்-அப்' என்பது ஒரு வகை. வண்டி ஓடும்போது கூரை தாழ்ந்து கிடக்கும். நிறுத்தியபின் கூரையை மேலே தள்ளினால், பக்கங்களில் கெட்டித் துணி விரிந்து ஆள் நிமிர்ந்து நிற்க இடம் கிடைத்துவிடும். ஓட்டுநர் தலைக்கு மேல் நீளும் பரண்தான் படுக்கை. இதை வாங்கப் போகிறவரிடம் விற்பனையாளர் நீட்டும் வசதிப் பட்டியல் பெரியது. நான்கு நாள் விடுமுறைக்குப் போகிறவர் அதில் எதை எடுத்தாலும் சமாளித்துவிடலாம். அதிலேயே குடியிருக்கப் போகிறவர் தண்ணீரை அளவுகோலாக வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. சுமக்கிற தண்ணீர், உள்ளே சேர்கிற ஈரம் ஆகிய இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் சுமை. ஓட்டுநர் கதவைத் திறந்தால், ஆட்களும் சரக்குமாக அந்த டிரக் எவ்வளவு தாங்கும் என்ற எண் அச்சிட்ட சீட்டு கதவோரத்தில் ஒட்டியிருக்கும். நடுத்தர டிரக் ஒன்றில் அது 700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கேம்பரின் வெற்று எடை 500 கிலோ, இருவர் சேர்ந்து 140 கிலோ. மிச்சம் 60 கிலோதான். 75 லிட்டர் தொட்டியை நிரப்பினால் அதுவே 75 கிலோ. அரிசி, துணிமணி, கருவிப்பெட்டி எதுவும் ஏறுவதற்கு முன்பே வண்டி வரம்பைத் தாண்டிவிடுகிறது. வரம்பு மீறிய வண்டியில் டயர், ஸ்பிரிங், பிரேக் மூன்றும் தினமும் அடிவாங்கும். விலைப்பட்டியலில் காட்டும் வெற்று எடையில் சோலார் தகடு, வெளிப்பந்தல், கூடுதல் பேட்டரி போன்றவை பெரும்பாலும் அடங்காது என்பதையும் மறக்கக் கூடாது.

அடுத்தது ஈரம். பலர் இதை முதல் குளிர்காலத்தில்தான் கண்டுகொள்கிறார்கள். இருவர் தூங்கி எழும்போது மூச்சிலும் வியர்வையிலும் அரை லிட்டர் தண்ணீர் சாதாரணமாகக் காற்றில் கலந்திருக்கும். மூடிய அறையில் புரொப்பேன் அடுப்பு எரிந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒரு கிலோ புரொப்பேன் முழுதாக எரியும்போது ஏறக்குறைய 1.6 கிலோ நீராவி உண்டாகிறது. இந்த ஈரமெல்லாம் குளிர்ந்த இடம் தேடிப் போய் ஒட்டும். விடியற்காலையில் பார்த்தால் அலுமினியச் சட்டத்தின் ஒவ்வொரு திருகாணித் தலையிலும் ஒரு துளி தொங்கும். துணிச்சுவர் சில்லிட்டு நனைந்திருக்கும். மெத்தையைத் தூக்கினால் அடிப்பலகை ஈரமாக இருக்கும். அப்படியே கூரையை இறக்கிக்கொண்டு கிளம்புவது நனைந்த குடையை மடக்கிப் பெட்டியில் வைப்பது போலத்தான். மடிப்பில் பூஞ்சை பிடித்துவிடும்.

அதனால் நிரந்தரக் குடியிருப்புக்கு நான் முதலிடம் தருவது, வெளிக்காற்றை இழுத்து எரிந்து புகையையும் வெளியே தள்ளும் ஹீட்டருக்கு. அது உள்ளே ஈரத்தைச் சேர்க்காது. அடுப்பைக் குளிர்காய எரிப்பதால் வரும் கார்பன் மோனாக்சைடு ஆபத்தும் இல்லை. இருந்தாலும் அந்த வாயுவைக் கண்டு அலறும் கருவி உள்ளே இருந்தே ஆக வேண்டும். அதன்பின் கூரை விசிறி, துணிச்சுவருக்கு உள்பக்கம் மாட்டும் வெப்பத்திரை, மெத்தைக்கு அடியில் காற்று போகவிடும் வலைப்பாய். விசிறி ஓட வேண்டுமானால் ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும். வெப்பம் கொஞ்சம் போகும், போகட்டும். ஹீட்டரும் விசிறியும் இரவெல்லாம் ஓட மின்சாரம் வேண்டும் என்பதால் லித்தியம் பேட்டரிக்குச் செலவழிப்பது நியாயம். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி பன்னிரண்டு கிலோ அளவில் முடிந்துவிடும். அதே அளவு ஈயப் பேட்டரி முப்பது கிலோவை நெருங்கும். அதிலும் பாதிக்கு மேல் மின்சாரம் எடுத்தால் அதன் ஆயுள் குறையும்.

குளியலறை இல்லாமல் ஆண்டு முழுவதும் வாழ முடியுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் உள்ளே குளிப்பது சுமை, ஈரம் என்ற இரண்டு கணக்கையும் ஒரே நேரத்தில் கெடுக்கிறது. தொட்டி பெரிதாக வேண்டும், கழிவுநீருக்கு இன்னொரு தொட்டி வேண்டும், நீராவி துணிச்சுவரில் படியும். பின்கதவருகே வெளிக்குழாய் ஒன்று போதும். முகாம்களிலும் நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களிலும் காசு கொடுத்துக் குளிக்கலாம். கழிப்பறை விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கையில் தூக்கிச் சென்று கொட்டும் சிறு பெட்டிக் கழிப்பறையாவது கட்டாயம். நள்ளிரவில், மழையில், உடம்பு சரியில்லாதபோது அதன் அருமை தெரியும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, கெட்டிச் சுவர் கேம்பரையே வாங்கலாமே என்பது இன்னும் வலுவான மறுப்பு. கடுங்குளிர் இடங்களில் மாதக்கணக்கில் தங்குபவருக்கு அதுவே சரி என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில், கரடிகளின் காரணமாகத் துணிச்சுவர் கேம்பருக்கு அனுமதியே கிடையாது. ஆனால் கெட்டிச் சுவர் என்றால் எடையும் உயரமும் கூடும், காற்று தள்ளும், தாழ்ந்த கிளைகளுள்ள மண்சாலைகளில் நுழைய முடியாது. குளிர்காலத்தில் தெற்கே அரிசோனா பாலைவனத்துக்கும் கோடையில் மலைப்பக்கத்துக்கும் நகர்ந்துகொண்டே இருப்பவருக்குத் துணிச்சுவரே போதும். அப்படி வாழ நினைப்பவர் கேம்பர் கடைக்குப் போகும் முன், தம் டிரக்கின் கதவைத் திறந்து அந்தச் சீட்டில் உள்ள எண்ணை எழுதி எடுத்துக்கொண்டு போகட்டும்.