இடம் இருக்கு, தொடர்ச்சி இல்லை

நினைவகத்தில் இடம் காலியாகக் கிடக்கிறது. கேட்டால் இல்லை என்கிறது இயங்குதளத்தின் கருவான கெர்னல். பொய்யா? இல்லை. லினக்ஸ் நினைவகத்தைப் பெரும்பாலும் 4 கிலோபைட் பக்கங்களாக வெட்டி வைக்கிறது. சாதாரண நிரலுக்குச் சிதறிய பக்கங்களே போதும். பக்க அட்டவணை அவற்றை ஒரே நீட்சி மாதிரி காட்டிவிடும். தொடர்ச்சி அங்கே ஒரு புனைவு. முகவரியை மாற்றித் தரும் ஏற்பாடு இல்லாத கேமராச் சாதனத்திடம் இந்தப் புனைவு செல்லாது. அதற்கு அடுத்தடுத்த நிஜ இடமே வேணும்.

2012இல் வந்த லினக்ஸ் 3.5 ஒரு வழி கண்டது: ஒதுக்கிய பகுதியைச் சும்மா போட்டுவைக்காமல், நகர்த்தக்கூடிய பக்கங்களுக்கு இரவல் கொடுப்பது, சாதனம் கேட்டதும் அவற்றை வேறிடத்துக்குப் பெயர்ப்பது. பெயராத பக்கம் ஒன்று நடுவே உட்கார்ந்துவிட்டால் எல்லாம் தோற்கலாம். ஆக, காலியிடத்தின் மொத்தக் கணக்கு போதாது; எது நகரும், எது நகராது என்பதே கேள்வி. ஒதுக்கீடு என்ற சொல்லுக்குள் ஒரு வெளியேற்றமும் ஒளிந்திருக்கு.