படகு ஓட்டும் சந்தோஷமும் எண்ணெய்க் கணக்கும்

சென்னையில் மயிலாப்பூரை அடுத்து நொச்சிக்குப்பம். அடையாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ஊரூர் குப்பம். இந்தக் கரைகளில் முன்பு கட்டுமரம்தான் தொழில். மரங்களைச் சேர்த்துக் கட்டுவதால் அந்தப் பேர். துடுப்பும் பாயும் போதும், எண்ணெய்ச் செலவு இல்லை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு என்ஜின் வைத்த ஃபைபர் படகுகள் பெருகின. ஓட்டுகிறவர் பின்பக்கம் இருந்து பிடியைப் பிடித்து, அடுத்த அலை உடையும் முன் படகைத் தாண்ட வைக்கணும். அந்தக் கைப்பழக்கத்தில் அவருக்குத் தனி சந்தோஷம், பெருமை.

ஆனால் மீன் பாடு இல்லாத நாளிலும் எண்ணெய் தீரும். மீனை விற்றுக் காசாக்குவதோ பெரும்பாலும் பெண்கள்தான். அதனால் என்ஜினுக்குக் குழுவில் கடன் கேட்டால் மூன்று கேள்வி கேட்போம்:

1. ஒருமுறை கடலுக்குப் போக எண்ணெய் எவ்வளவு?
2. வலைக்கும் ரிப்பேருக்கும் எவ்வளவு?
3. வரும்படி இல்லாத மாதம் தவணை எப்படி?

விற்ற காசையும் செலவையும் தினமும் ஒரே நோட்டில் எழுதணும். நம் ஊர் ஆட்டோ, டிராக்டர் கடனுக்கும் இதே கணக்குதான். ஓட்டுகிறவர் சந்தோஷம் நிலைக்கணும்னா, நோட்டு நம் கையில் இருக்கணும்!