ஒரு கணினியில் இரண்டு இயங்குதளங்கள்: எந்தப் படியில் நின்றது?

இறுதியாண்டு ஆய்வேட்டை ஒப்படைக்க ஒன்பது நாள்களே இருந்தன. அன்றிரவு என் மடிக்கணினியின் திரை நீலமாகி, 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண்ணைக் கேட்டது. அப்படி ஓர் எண் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஆய்வேட்டின் நான்கு இயல்கள் அந்தக் கணினிக்குள் இருந்தன. வேறெங்கும் நகல் இல்லை. தொழிற்பயிற்சிக்கு லினக்ஸ் தெரிந்திருந்தால் நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, விண்டோசுக்குப் பக்கத்தில் உபுண்டு லினக்சை நிறுவ முனைந்தேன். அதன் விளைவுதான் இது.

இப்படி நிறுவ விரும்பும் மாணவர்கள் இப்போது மிகுதி. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு முதலிய தகுதிகள் இல்லாத கணினிகளில் விண்டோஸ் 11ஐ முறைப்படி நிறுவ இயலாது. எனவே, நான் பட்ட பாட்டிலிருந்து கற்றவற்றை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

நான்கு படிகள்

கணினியின் பொத்தானை அழுத்தியது முதல் திரை வரும் வரை நான்கு படிகள் நிகழ்கின்றன. முதலில், தாய்ப்பலகையில் உள்ள நிலைபொருள் விழிக்கிறது. பழைய கணினிகளில் இதன் பெயர் பயாஸ், புதியவற்றில் யூஇஎஃப்ஐ. இரண்டாவதாக, அது வட்டிலுள்ள ஒரு சிறிய பகிர்வில் தொடக்க நிரலைத் தேடுகிறது. விண்டோசுக்கும் லினக்சுக்கும் தனித்தனித் தொடக்க நிரல்கள் உண்டு. லினக்சின் நிரலான க்ரப், "எதைத் திறக்கட்டும்?" என்று நம்மைக் கேட்கும் வாயிற்காவலர் போன்றது. மூன்றாவதாக, நாம் தேர்ந்தெடுத்த இயங்குதளத்தின் கரு நினைவகத்தில் ஏறுகிறது. நான்காவதாக, நாம் வேலை செய்யும் திரை வருகிறது.

"நிறுவல் கெட்டுவிட்டது" என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில், இந்த நான்கு படிகளில் ஏதோ ஒன்றில்தான் தடை ஏற்பட்டிருக்கும். எந்தப் படி என்று தெரிந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. தெரியாமல் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடியும் நிறுவினால், சிக்கலோடு கோப்புகளும் போய்விடும்.

முதற்படி: வட்டு தெரியவில்லை

உபுண்டுவை விரலியில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்குகிறோம். தொடக்கப் பட்டியலில் அதே விரலி இரண்டு முறை தெரியலாம். விண்டோஸ் யூஇஎஃப்ஐ முறையில் இயங்கினால், யூஇஎஃப்ஐ என்ற சொல்லோடு வருவதையே தேர்ந்தெடுக்க வேண்டும். மாற்றித் தேர்ந்தெடுத்தால், இரண்டு இயங்குதளங்களும் ஒரே பட்டியலில் சேராமல் போகும். விண்டோசின் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' பக்கத்தில் 'பயாஸ் மோட்' என்ற வரி எந்த முறை என்பதைக் காட்டும்.

விரலி இயங்கியும் கணினியின் வட்டு தெரியாவிட்டால், பெரும்பாலும் இன்டெல் ஆர்எஸ்டி என்னும் சேமிப்பக அமைப்பே காரணம். அதை ஏஎச்சிஐ முறைக்கு மாற்ற வேண்டும். ஆனால் நேரடியாக மாற்றினால் விண்டோஸ் தொடங்காது. முதலில், விண்டோசை 'சேஃப் பூட்' முறையில் தொடங்குமாறு அமைத்துக்கொள்ள வேண்டும். அடுத்து நிலைபொருளில் ஏஎச்சிஐக்கு மாற்றி, விண்டோசை ஒருமுறை அந்தப் பாதுகாப்பு முறையில் திறந்த பிறகு, வழக்கமான முறைக்குத் திரும்பலாம்.

இரண்டாம் படி: பட்டியல் வரவில்லை

நிறுவல் முடிந்தும் கணினி நேரே விண்டோசுக்குள் சென்றால் பதற வேண்டாம். உபுண்டு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வாயிற்காவலரை யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். நிலைபொருள் அமைப்பில் தொடக்க வரிசையைத் திறந்து, உபுண்டுவை முதலிடத்திற்கு நகர்த்துங்கள். பெரும்பாலும் இதுவே போதும்.

மூன்றாம் படி: கருந்திரை

உபுண்டுவைத் தேர்ந்தெடுத்ததும் திரை கறுத்துப்போனால், வரைகலை அட்டையின் இயக்கி ஒத்துப்போகவில்லை என்று ஐயுறலாம். விரலியின் பட்டியலிலேயே 'சேஃப் கிராபிக்ஸ்' என்ற தெரிவு உண்டு. அதில் நுழைந்து நிறுவிய பின், உரிய இயக்கியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: எல்லாம் வந்தும் சில குறைகள்

லினக்சிலிருந்து விண்டோஸ் பகிர்வைத் திறந்தால் படிக்க முடிகிறது, எழுத முடியவில்லை. காரணம், விண்டோசின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி. அது இயங்கும்போது விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை, அரைத்தூக்கத்தில் இருக்கிறது. தூங்குபவரின் பையில் யாரும் கைவைக்கக் கூடாது என்பதால்தான் லினக்ஸ் எழுத மறுக்கிறது. அந்த வசதியை நிறுத்திவிட்டுக் கணினியை முழுமையாக அணைத்தால் சரியாகிவிடும்.

இன்னொன்று நமக்கு வேடிக்கையாக இருக்கும். லினக்சைப் பயன்படுத்திவிட்டு விண்டோசுக்கு வந்தால், இரவு 8 மணிக்குக் கடிகாரம் பகல் 12 என்று காட்டும். கணினியின் உள்கடிகாரத்தில் லினக்ஸ் அனைத்துலக நேரத்தை எழுதுகிறது, விண்டோசோ அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. மலேசியாவும் சிங்கப்பூரும் அனைத்துலக நேரத்தைவிட 8 மணி நேரம் முன்னே இருப்பதால், பிழையும் சரியாக 8 மணி நேரம். லினக்சில் 'டைம்டேட்சிடிஎல்' கட்டளையின் 'செட்-லோக்கல்-ஆர்டிசி' தெரிவை 1 என அமைத்தால் இரண்டும் ஒத்துப்போகும்.

என் தவறு எங்கே?

இனி என் கதைக்கு வருகிறேன். பழைய குறிப்பு ஒன்றைப் படித்துவிட்டு, நிலைபொருளில் 'செக்யூர் பூட்' என்னும் பாதுகாப்பை நிறுத்தினேன். என் வட்டு பிட்லாக்கர் முறையில் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தது எனக்குத் தெரியாது. கணினி வழக்கம்போலவே தொடங்குகிறது என்று உறுதியானால்தான் டிபிஎம் சில்லு வட்டைத் திறக்கும். தொடங்கும் விதம் மாறியதால், அது என்னைத் திருடன் என்று எண்ணி மீட்பு எண்ணைக் கேட்டது. கணினி தன் கடமையைத்தான் செய்தது.

அறைத்தோழன் எல்லாவற்றையும் அழித்துவிடச் சொன்னான். நானும் அதற்கு அணியமாகிவிட்டேன். அப்போதுதான் அந்தக் கணினி முதலில் அண்ணனுடையது என்பது நினைவுக்கு வந்தது. மீட்பு எண் பெரும்பாலும் கணினியை அமைத்தவரின் மைக்ரோசாப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். சிங்கப்பூரில் இரவு வேலையில் இருந்த அண்ணனை அழைத்தேன். "பொறுடா தம்பி, இன்னும் அரை மணி நேரத்துல பிரேக். பார்த்துச் சொல்றேன்," என்றார். ஆறு ஆறு இலக்கங்களாக எட்டு முறை அவர் படிக்க, நான் தட்டினேன். விண்டோஸ் திறந்தது. முதல் வேலையாக ஆய்வேட்டை விரலியில் நகலெடுத்தேன்.

மறுநாள் கணினித் துறையில் பயிலும் அக்கா ஒருவர் கேட்ட கேள்வி இன்னும் மறக்கவில்லை: "மாத்தினதைத் திரும்பப் பழையபடி வச்சுப் பார்த்தியா?" செக்யூர் பூட்டை மீண்டும் இயக்கியிருந்தால், பெரும்பாலும் எண்ணே கேட்காமல் திறந்திருக்கும். அதைவிட, உபுண்டு 2012ஆம் ஆண்டு முதலே செக்யூர் பூட்டோடு இயங்கக்கூடியது. நான் அதைத் தொட்டிருக்கவே தேவையில்லை.

தொடங்கும் முன்

முதலாவது, கோப்புகளை வேறோர் இடத்தில் நகலெடுங்கள். இரண்டாவது, மீட்பு எண்ணைத் தாளில் எழுதிவைத்து, விண்டோசிலேயே குறியாக்கத்தை நீக்குங்கள். மூன்றாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துங்கள். நான்காவது, விண்டோசின் வட்டு மேலாண்மைக் கருவியைக் கொண்டே இடம் ஒதுக்குங்கள். உபுண்டுவுக்குக் குறைந்தது 25 ஜிகாபைட் தேவை. ஐந்தாவது, எந்த அமைப்பை மாற்றினாலும் முன்பிருந்த நிலையைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். தடை வந்தால் கடைசியாக மாற்றியதை முதலில் பழையபடி ஆக்குங்கள்.

ஆய்வேட்டை ஒப்படைத்த மறுவாரம் இந்த ஐந்தையும் செய்துவிட்டு உபுண்டுவை நிறுவினேன். ஒரு மணி நேரத்திற்குள் வேலை முடிந்தது. புதியதைக் கற்கத் தயங்க வேண்டாம், நண்பர்களே. ஆனால் ஆய்வேடு கையில் இருக்கும் வாரத்தில் மட்டும் வேண்டாம்.