நூறு விழுக்காட்டுக்குப் பின்னும் ஓடும் எழுத்து

மறைந்த என் தந்தையின் குரல் பதிவுகளை, லினக்ஸ் கணினியிலிருந்து பென்டிரைவுக்கு நகலெடுத்தேன். மொத்தம் மூன்று ஜிகாபைட்டுக்குள்தான். முன்னேற்றப் பட்டை விறுவிறுவென ஓடி நூறு விழுக்காட்டைத் தொட்டது. சாளரம் மட்டும் மூடவில்லை. கணினி உறைந்துவிட்டதாகக் கருதிப் பென்டிரைவைப் பிடுங்கினேன். ஊரில் தங்கை அதைத் திறந்தபோது பாதிப் பதிவுகள் ஒலிக்கவில்லை. மூலப் பிரதியை அழிக்காததால் பிழைத்தேன்.

நடந்தது இதுதான். எழுத வேண்டிய தரவை லினக்ஸ் முதலில் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, எழுதியாயிற்று என்று செயலிக்குச் சொல்லிவிடுகிறது. தபால்பெட்டியில் போட்ட கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டதாக எண்ணுவது போன்றது இது. பொதுவான இயல்பமைப்பில், கிடைக்கும் நினைவகத்தில் ஏறத்தாழ 10 விழுக்காடு தேங்கியதும் பின்னணியில் எழுதுதல் தொடங்கும். 20 விழுக்காட்டை நெருங்கினால்தான் நகலெடுக்கும் செயலி காக்கவைக்கப்படும். 16 ஜிகாபைட் கணினியில் இந்தத் தேக்கம் மூன்று ஜிகாபைட்டை எட்டக்கூடும். நொடிக்கு எட்டு மெகாபைட் எழுதும் மலிவுப் பென்டிரைவுக்கு அதை இறக்க ஆறு நிமிடம் பிடிக்கும். நினைவகம் சிறிதாக இருந்த காலத்தின் கணக்கு இது. 2013-இலேயே கெர்னல் உருவாக்குநர்கள் இதை விவாதித்தார்கள். இன்னமும் பல கணினிகளில் அதே விகிதம் நீடிப்பது எனக்கு வியப்புதான்.

'சிங்க்' என்னும் கட்டளையை இட்டால், தேங்கியது முழுவதும் எழுதப்பட்ட பிறகே அது திரும்பும். 'டர்ட்டி பைட்ஸ்' என்னும் கெர்னல் அமைப்பில் விகிதத்துக்குப் பதிலாகச் சில நூறு மெகாபைட் என உச்சவரம்பு வைக்கலாம். மொத்த நேரம் இதனால் குறையாது. பட்டை பொய் சொல்வது குறையும்.

உண்மையிலேயே வேகம் குறைவென்றால் முதலில் கம்பியைச் சந்தேகியுங்கள். 'எல்எஸ்யுஎஸ்பி' கட்டளையை '-டி' சேர்த்து இட்டால், ஒவ்வொரு கருவிக்கும் நேராக இணைப்பு வேகம் தெரியும். 5000 இருக்க வேண்டிய இடத்தில் 480 என்றிருந்தால், உங்கள் வன்தட்டு பழைய யுஎஸ்பி 2.0 வேகத்தில் இயங்குகிறது. நடைமுறையில் நொடிக்கு 40 மெகாபைட்டைத் தாண்டுவது அரிது. கம்பியையோ செருகுவாயையோ மாற்றிப் பாருங்கள். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் என்றால், ஒரே தொகுப்புக் கோப்பாகக் கட்டி அனுப்புவது விரைவு.

தங்கைக்கு மீண்டும் நகலெடுத்தபோது 'சிங்க்' இட்டுவிட்டுக் காத்திருந்தேன். பட்டை முடிந்த பிறகும் பென்டிரைவின் சிறுவிளக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் சிமிட்டிக்கொண்டே இருந்தது.